பம்புக்குக் கட்டிய வீடு

அன்று சனிக்கிழமை. எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம். சன்னலை ஒட்டிய நீள பெஞ்சில் என் கணவர் எம்ப்ரிக். அங்கிருந்து பார்த்தால்தான் வெளிச்சுவரோரம் அவர் கட்டிய சின்ன வீடு தெரியும். இரும்பு அடுப்பின் பக்கத்தில் அடுத்த பண்ணையின் ஓட்வார். அடுப்பில் நெருப்பு இல்லை, இருந்தும் பழக்கத்தில் இரண்டு கையையும் அதன் பக்கம் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். மேசையின் தலைப்பக்கம் எங்கள் மகள் சிக்னே. ஹமார் நகரத்திலிருந்து காலையில் கார் ஓட்டி வந்தவள், இன்னும் மேல்கோட்டைக் கழற்றவில்லை. கதவுப் பக்கம், காபிக் கெட்டிலுக்குக் கை எட்டும் இடத்தில் நான், யோர்டிஸ். என் தலைக்கு மேலே சுவரில் வெப்பப் பம்பின் உள்பெட்டி மாட்டியிருந்தது. அது சற்று நேரம் ஊதும், பிறகு அலுத்துப்போனதுபோல் நின்றுவிடும்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநான்கு டிகிரி. உள்ளே பதினைந்து. மேசையில் சனிக்கிழமைக் கஞ்சி, பாலில் குழைய வெந்த அரிசி, மேலே பட்டைத்தூள், சர்க்கரை, நடுவில் உருகவேண்டிய வெண்ணெய். அந்தக் குளிரில் வெண்ணெய் உருகாமல் மஞ்சள் பொத்தான்போல் மிதந்தது. எல்லோரும் பார்த்தோம்.

கோட்டுப் பையிலிருந்து சிக்னே ஒரு உறையை எடுத்துக் கஞ்சிக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். டவுனில் நகராட்சி கட்டிய புது வீடுகளில் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கியிருப்பதாகச் சொல்லும் கடிதம் அது. புதன்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். வேண்டும் என்றால் இந்த வீட்டை விற்றுவிட்டுக் கோடையில் குடிபோக வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடும், எங்களுக்கு மறுபடி வராது.

"அம்மா, நான் சண்டை போட வரல. பதினஞ்சு டிகிரியில அப்பா உக்காந்திருக்காரு. டாக்டர் என்ன சொன்னாரு? பதினெட்டுக்குக் கீழ போகக்கூடாதுன்னாரா இல்லையா?"

சொன்னார்தான். போன பிப்ரவரியில் விறகுக் கொட்டகை வாசலில் எம்ப்ரிக் விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தவள் சிக்னே. கையில் விறகுக் கூடை, முகமெல்லாம் பனி, உதடு நீலம். நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்து அனுப்பியபோது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். கோடரியைத் தொடக்கூடாது, வீடு குளிரக்கூடாது. எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டையும் ஒருசேரச் சொன்னால் வீட்டை விட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அதனால்தான் செப்டம்பரில் பம்பு வாங்கினோம். வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி. வெளிப்பெட்டி எவ்வளவு குளிர்ந்த காற்றிலிருந்தும் கொஞ்சம் சூட்டைப் பிழிந்து எடுத்து உள்ளே அனுப்பும். "ஃப்ரிட்ஜை முன்பின்னாத் திருப்பி வெச்ச கதை" என்பார் ஓட்வார். அவரும் அதே வாரம் அதே பம்பை வாங்கினார்.

பம்பை மாட்டிய அன்றே எம்ப்ரிக் வெளியே போய் நின்று அந்த வெளிப்பெட்டியை நெடுநேரம் பார்த்தார். சாம்பல் நிறத் தகரம், நடுவில் ஒரு விசிறி. நூற்றைம்பது வருஷத்து மரவீட்டின் சிவப்புச் சுவரில் அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. "இதை இப்படியே விட்டா இந்த வீட்டைக் கட்டினவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். நாற்பது வருஷம் தச்சுவேலை செய்த மனிதர், நெஞ்சைத் திறந்த பிறகு உளியையே தொடாதவர், அன்று உளியைத் தேடினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஐந்து வாரம் வேலை. பண்ணைகளில் கல் கால்மேல் நிற்குமே தானியக் களஞ்சியம், அதன் வடிவத்தில் பம்புக்கு ஒரு வீடு. அடியில் நான்கு கல், மேலே கூரையில் பிர்ச் மரப்பட்டை விரித்து அதன்மேல் புல் மண். முன்புறம் மெல்லிய சட்டமாக அறுத்து நெருக்கமாக அடுக்கிய மரப்பட்டிகள், சித்திர வேலை செய்த ஒரு குட்டிக் கதவு. வீட்டின் அதே சிவப்பு, அதே வெள்ளை ஓரம். ஒரு ஆணி கிடையாது, எல்லாம் கோத்தது. சாலையில் போகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். தேவாலயத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் பிரசங்கத்தின் நடுவே திரும்பி எனக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். ஓட்வாரும் தனக்கு ஒன்று சொல்லிவைத்திருந்தார்.

குளிர் இறங்கியது. எம்ப்ரிக்குக்குப் பம்பின்மேல் ஒரு மாட்டின்மேல் வரும் கவலை வந்தது. காற்று வந்த பக்கவாட்டு இடுக்குகளைக் கம்பளி அட்டையால் அடைத்தார். இன்னும் குளிர்ந்தபோது கல் கால்களுக்கு நடுவே பலகை வைத்தார். "அதுக்கும் குளிரும்ல" என்பார். வெளியே குளிர் ஏற ஏற வீட்டுக்குள் சூடு குறைந்தது. சூடு குறையக் குறைய அவர் இன்னும் ஒரு பலகை வைத்தார்.

"மிஷின் கோளாறு," என்றார் எம்ப்ரிக் இப்போது, உறையைப் பார்க்காமல். "ஆளுக்குச் சொல்லியாச்சு. அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வர்றான்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கம்பளிச் சட்டை."

ஓட்வார் கஞ்சியை வழித்துத் தின்றார். "கோளாறுன்னு சொல்லாதப்பா. ஒரே லாரியில வந்த அண்ணன் தம்பி ரெண்டும். என்னோடது இருபத்தோரு டிகிரிக்கு ஊதுது. நேத்து ராத்திரி நான் சட்டையில்லாம டிவி பாத்தேன்."

"கடவுளே," என்றேன்.

"ஆனா உன்னோடது மாளிகையில இருக்கு, என்னோடது சுவத்துல அம்மணமா நிக்குது. வெக்கமில்லாம வேலை பாக்குது."

சிக்னேகூடச் சிரித்துவிட்டாள். எம்ப்ரிக் சிரிக்கவில்லை. "உன் வீடு போன வருஷம் கட்டினது, ஓட்வார். சுவத்துக்குள்ள குளிர் புகாம பஞ்சு வெச்சது. இது மரம். மரம் மூச்சு விடும்."

"சரி, அப்ப வீடுதான் ஓட்டை," என்றாள் சிக்னே. "மிஷின் நல்லாயிருக்கு, வீடு ஒழுகுது. நான் அதைத்தானே சொல்றேன்? அப்பா, உன்னைக் குத்திக் காட்டறதுக்குச் சொல்லல. எனக்கு பயமா இருக்கு, அவ்வளவுதான்."

எம்ப்ரிக் எழுந்தார். அடுப்பின் பக்கம் போனார், ஓட்வாரின் காலைத் தாண்டி, கூடையில் மிச்சமிருந்த ஒரு பிர்ச் கட்டையைக் கையில் எடுத்தார். நல்ல காய்ந்த கட்டை. அதைத் தூக்கியபோதே தோள் சுருக்கென்று இழுத்தது. அதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

"அப்பா, அதைக் கீழ வை."

"ஒரே ஒரு கட்டை."

"ஒரே ஒரு கட்டைன்னுதான் போன பிப்ரவரியிலயும் போனே."

அவர் கட்டையைக் கூடையில் திரும்ப வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல். நாற்பத்தாறு வருஷமாக என்னோடு வாழ்கிற மனிதர் தன் வீட்டு அடுப்பில் ஒரு கட்டை போட மகளிடம் அனுமதி கேட்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். நிலவறையிலிருந்து க்ரீம் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

முற்றத்தில் மூக்குமயிர் உறைந்து குத்தியது. ஓட்வாரின் கிண்டல் காதில் நின்றது. ஒரே லாரியில் வந்த இரண்டு பம்பு, ஒன்று அம்மணம், ஒன்று மாளிகை. வீட்டின் வயது எதற்கு, முதலில் அந்த ஒரு வித்தியாசத்தைப் பார்ப்போமே என்று தோன்றியது. நான் எதையும் வரிசையாகத்தான் யோசிப்பேன். கடிதம் எழுதும்போதும் அப்படித்தான்.

சின்ன வீட்டின் முன்னால் போய்க் குனிந்தேன். மரப்பட்டிகளின் உள்பக்கம் உறைபனி ரோமம்போல் வளர்ந்திருந்தது. விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, ஆனால் முகத்தில் காற்று படவில்லை. ஒரு விசிறி சுற்றினால் காற்று எங்கேயாவது போகவேண்டுமே? உள்ளே போய்க் கம்பளி பின்னும் கூடையிலிருந்து ஒரு நீள ஊசியும் ஒரு முழம் சிவப்பு நூலும் எடுத்து வந்தேன். ஊசி நுனியில் நூலைக் கட்டி, கூரைக்கும் பட்டிக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நுழைத்தேன். நூல் என் பக்கம் பறக்கவேண்டும். பறக்கவில்லை. மேலே எழும்பி, பம்பின் தலைக்கு மேலாக வளைந்து, பின்பக்கம் சுவரை நோக்கி இழுபட்டது. பம்பு காற்றை உறிஞ்சுகிற பக்கம் அது. கையுறையைக் கழற்றி விரலை விட்டேன். உள்ளே இருந்த காற்று முற்றத்துக் காற்றைவிடக் குளிர்ந்திருந்தது.

அப்போது புரிந்தது. சூட்டைப் பிழிந்துவிட்டு வெளியே துப்புகிற காற்றுக்குப் போக வழியில்லை. அதே சக்கையைத்தான் பம்பு மறுபடி மறுபடி உறிஞ்சுகிறது. கல் காலுக்கு நடுவே வைத்த பலகையும், அடைத்த கம்பளியும், ஐந்து வாரத்து மரப்பட்டிகளும்தான் எங்கள் வீட்டைக் குளிரவைத்தன.

அங்கேயே நின்றேன். குட்டிக் கதவில் அவர் செதுக்கியிருந்த கொடியில் ஒவ்வொரு இலைக்கும் நரம்பு இருந்தது.

கதவைத் திறந்து, "எம்ப்ரிக், ஒரு நிமிஷம் வா" என்றேன். சிக்னே எழுந்தாள். "நீ இரு," என்றேன்.

அவர் வந்தார். ஊசியைக் கையில் கொடுத்தேன். அவரே இடுக்கில் நுழைத்தார், நூல் போன வழியைப் பார்த்தார். வெளியே எடுத்து வேறு இடத்தில் நுழைத்தார். மூன்றாவது இடத்தில் நுழைக்கவில்லை.

"தன் மூச்சையே குடிச்சிக்கிட்டிருக்கு," என்றார்.

"ஆமா."

"நான்தான் வாயைப் பொத்தி வெச்சிருக்கேன்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சன்னலில் சிக்னேயின் தலை தெரிந்தது. "பனி அடைச்சிருந்துச்சு, தட்டிவிட்டோம்னு சொல்லிக்கலாம்," என்றேன். "அட்டையை மட்டும் எடுத்துருவோம். ஓட்வாருக்குத் தெரியவேண்டியதில்ல. பட்டியை வசந்தத்துல கழட்டிக்கலாம்."

"பனி எங்க அடைச்சுது? கட்டினது நான்." பட்டியின் கோர்வையைத் தடவிப் பார்த்து, "கழட்டவும் முடியாது. ஆணியில்லாமக் கோத்தேன் பாரு, பெருமைக்கு. அறுக்கணும்," என்றார்.

பட்டறைக்குப் போய் நீள ரம்பத்தை எடுத்து வந்தார். திரும்பி வரும்போது சன்னலைத் தட்டி, உள்ளே இருந்த இரண்டு பேரையும் வெளியே வரச்சொல்லிச் சைகை காட்டினார். ஓட்வார் தொப்பியைச் சரியாகப் போடாமலே வந்தார்.

"என்னப்பா பண்றே?"

"தப்பு பண்ணிட்டேன். காத்து வெளிய போக வழி விடல. நீ சொன்ன மாதிரி அம்மணமா இருந்தாத்தான் வேலை செய்யும் போல."

"ஐயோ, நான் விளையாட்டுக்குச் சொன்னேன்ப்பா."

"தெரியும். ஆனா சரியாத்தான் சொன்னே. அடிக்கடி நடக்காது, சந்தோஷமா இரு."

முதல் பட்டியில் ரம்பத்தை வைத்தார். வலது தோள் எழவில்லை. இடது கைக்கு மாற்றினார். இரண்டு இழுப்பில் மூச்சு வாங்கியது. ஓட்வார் கை நீட்டினார்.

"நீ தொடாதே. நீ அறுத்தா இது மாட்டுக் கொட்டகை ஆயிடும்."

சிக்னே அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பனியில் மண்டியிட்டு, ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு பக்கம் இழுக்க, அவள் மறுபக்கம் இழுத்தாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சிவப்பு மரத்தூள் பனியில் கொட்டியது. முன்பட்டிகள் போயின, பக்கவாட்டு இரண்டும் போயின. கம்பளி அட்டையை நான் இழுத்துப் போட்டேன், பாதி பனிக்கட்டியாக இருந்தது. பலகைகளை ஓட்வார் காலால் உதைத்துத் தள்ளினார், அந்த வேலைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. கடைசியாக மிஞ்சியது கொடி செதுக்கிய குட்டிக் கதவு. சிக்னே நிறுத்தினாள்.

"இதை விட்டுடலாம்ப்பா. சின்னதுதானே."

"விசிறிக்கு நேரா இருக்கு." அதை மட்டும் அவர் தனியாக அறுத்தார். அறுத்து முடித்ததும் மரத்தூளை ஊதிவிட்டு அவள் கையில் கொடுத்தார். "ஹமார்ல உன் வீட்டுக் கூடத்துல மாட்டிக்கோ. அங்க எந்தப் பம்பும் மூச்சு விடவேண்டியதில்ல."

மிஞ்சியது நான்கு தூண், நான்கு கல், மேலே புல் கூரை. அந்தக் கூரை, மேலிருந்து விழும் பனியைத் தடுக்கும், அதனால் அது இருக்கட்டும் என்றார். பம்பு ஒரு தடவை இருமியது, நின்றது. அடியிலிருந்து நீராவி ஒரு மேகம்போல் கிளம்பி முற்றத்தை மறைத்தது. தன்மேல் படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்கிறது என்றார் எம்ப்ரிக். மேகம் கலைந்தது. விசிறி மறுபடி சுற்றியது. நான் ஊசியை முன்னால் நீட்டினேன். சிவப்பு நூல் விறைத்து, நேராக, என் முகத்தை நோக்கி நின்றது.

"ஊதுறான்!" என்று கத்தினார் ஓட்வார், ஏதோ கன்று பிறந்ததுபோல.

உள்ளே போய்க் கஞ்சியைத் திரும்பச் சூடாக்கினேன். யாரும் சுவரிலிருந்த தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை என்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள். காபி முடிகிறபோது பதினாறு. ஓட்வார் கிளம்பும்போது பதினேழு. வாசலில் காலணி மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்:

"அப்ப எனக்குச் சொல்லிவெச்ச வீடு?"

"உனக்குக் கூரையும் நாலு தூணும். விலை அதேதான்."

"பாதி வேலைக்கு முழு விலையா?"

"எதை விடணும்னு தெரிஞ்சுக்கிட்டதுக்கு."

அன்று இரவு சிக்னே மாடியில் தன் பழைய அறையில் தங்கினாள். ஞாயிறு காலை நான் சமையலறைக்கு வந்தபோது எம்ப்ரிக் ஏற்கெனவே பெஞ்சில் இருந்தார், கம்பளிச் சட்டை இல்லாமல், பிரவுன் சீஸைச் சீவிக்கொண்டு. வெளியே இருபத்தாறுக்கு இறங்கியிருந்தது. உள்ளே பத்தொன்பது. ஒரு குச்சி விறகு எரியவில்லை. நூற்றைம்பது வருஷத்து மரச்சுவருக்குள், தச்சன் வாழும் வீட்டில், ஒரு குச்சிகூட எரியாமல் பத்தொன்பது. இந்த எண்ணை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

சிக்னே இறங்கி வந்து தெர்மாமீட்டரை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு ராத்திரி, அவ்வளவுதான். கரண்டு போனா?"

"ஓட்வாரைக் கூப்பிடுவோம்."

"நீ விறகுக் கொட்டகைக்குப் போவே. எனக்குத் தெரியும். கரண்டு போகாட்டியும் போவே. அங்க அடுக்கி வெச்சிருக்கறதைப் பாத்துக்கிட்டே உன்னால சும்மா இருக்க முடியாது."

அது உண்மை. எங்கள் பக்கம் ஒரு ஆண்பிள்ளையை அளக்கவேண்டுமென்றால் அவன் விறகு அடுக்கைத்தான் பார்ப்பார்கள். எம்ப்ரிக் அடுக்கியதில் ஒரு கத்தி நுழையாது. மூன்று குளிர்காலத்துக்கு வரும், எல்லாம் பிர்ச். அவர் சீஸ் சீவுவதை நிறுத்தினார். போனை எடுத்து ஓட்வாரைக் கூப்பிட்டார்.

"டிராக்டரை எடுத்துட்டு வா. கொட்டகையில இருக்கறது பூரா உன்னோடது." மறுமுனையில் ஓட்வார் ஏதோ கேட்டார். "ஆமா, பூராவும். குடிக்கல, காலையிலயே எங்க குடிக்கிறது? கரண்டு போற அன்னிக்கு மட்டும் ஒரு கூடை நீயே கொண்டுவந்து நீயே அடுப்பைப் பத்தவெச்சுட்டுப் போகணும். அதுதான் ஒப்பந்தம்."

போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "போதுமா?"

சிக்னே தலையாட்டினாள். ரம்பத்தைத் தன் அழகான வேலையில் வைத்ததைவிட இது அவருக்குக் கஷ்டம் என்பது அவளுக்கும் தெரியும். நான் எழுந்து போய் இருவருக்கும் காபி ஊற்றினேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"நான் போன்லயே வேண்டாம்னு போட்டுடறேன்மா. ஒரு பட்டன்தான்," என்றாள் சிக்னே, உறையை எடுத்துக்கொண்டு.

"வேண்டாம்னு சொல்றதுக்குப் பட்டனா? குடு இங்க."

மேசையைத் துடைத்துவிட்டு, மேல்மூலையில் தேதியும் ஊரும் போட்டு, எழுதினேன்:

"மதிப்புக்குரிய நகராட்சி வீட்டுவசதிப் பிரிவுக்கு. எங்களை நினைவில் வைத்து வீடு ஒதுக்கியதற்கு நன்றி. எங்களுக்கு அது தேவைப்படாது. வெளியே இருபத்தாறு டிகிரி உறைகுளிரில் எங்கள் வீடு இன்று காலை பத்தொன்பது டிகிரியில் இருந்தது, விறகு இல்லாமல். குளிரில் இருப்பவர் யாராவது உங்கள் வரிசையில் இருந்தால் அவருக்கு இதைக் கொடுங்கள். அப்படி யாருக்காவது பம்பு இருந்தும் வீடு சூடாகவில்லையென்றால், வெளிப்பெட்டியைச் சுற்றி என்ன கட்டியிருக்கிறார் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் என் கணவர் எம்ப்ரிக் வந்து பார்த்துச் சொல்வார். அவர் தச்சர்."

எம்ப்ரிக் என் தோளுக்கு மேலிருந்து படித்தார். "கடைசி வரி எதுக்கு?"

"உண்மைதானே."

அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டோம். மடித்து உறையில் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டி, தபால்தலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். சிக்னே காரைக் கிளப்பியபோது நானும் ஏறிக்கொண்டேன். சாலை பிரிகிற இடத்தில் சிவப்புத் தபால் பெட்டியின் மூடி பனியில் ஒட்டியிருந்தது. கைமுட்டியால் ஒரு தட்டு தட்டித் திறந்து, கடிதத்தை உள்ளே போட்டேன்.